ஏழு சதவீத ஏற்றம், 3.31 ஆக்சில், ஒரு கேம்பர்: எங்கள் டிரக்கை ஏன் மாற்றினோம்

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் சில்வர்த்தார்ன் ஊரைத் தாண்டி கிழக்கே திரும்பினால், ஐசன்ஹோவர் சுரங்கம் வரை சுமார் எட்டு மைல் ஒரே ஏற்றம். கீழே 9,000 அடியை ஒட்டிய உயரம், மேலே சுரங்கத்தின் மேற்கு வாயிலில் 11,158 அடி. சில இடங்களில் சரிவு 7 சதவீதத்தைத் தொடும். போன வருடம் ஜூலையில், 27 அடி நீள கேம்பரை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) டிரக்கில் இழுத்துக்கொண்டு அந்த எட்டு மைலை நாங்கள் 38 மைல் வேகத்தில் ஏறினோம். அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, வலது ஓர லேனில், பெரிய லாரிகளோடு லாரியாக. இன்ஜின் சத்தம் கேட்டு என் மனைவி, "ஏங்க, இது வெடிச்சிடாதே?" என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆக்சில் கியரை 3.31-லிருந்து 4.10-க்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் இந்த எண்.) கேட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "3.31 வெச்சுக்கிட்டு மலை ஏறுனா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அந்த வேலையை நான் கடைசியில் செய்யவே இல்லை. ஏன் செய்யவில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்தேன், எந்தக் கணக்கு என் மனதை மாற்றியது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். கேம்பர் வாங்கலாம் என்று யோசிக்கும் நம் ஆட்கள் பலர் முதலில் கேட்பது "எந்த இன்ஜின், எந்த ஆக்சில்" என்றுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன், அது தப்பான இடம்.

வண்டியும் டிரெய்லரும்

எங்களிடம் இருந்தது ஒரு அரை டன் பிக்கப் (பெரிய பிக்கப்களில் இலகுவான வகை), நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத வி8 இன்ஜின், 360 குதிரைத்திறன், 380 பவுண்டு-அடி டார்க், அதாவது முறுக்கு விசை (4,250 ஆர்பிஎம்மில், நிமிடத்துக்கு அத்தனை சுற்று). ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஆக்சில் விகிதம் 3.31. டயர் விட்டம் 32.1 அங்குலம். வண்டியின் மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு, கதவு ஓர ஸ்டிக்கரில் பேலோடு, அதாவது வண்டியின் மேல் ஏற்றக்கூடிய எடை, 1,640 பவுண்டு. இந்த ஸ்டிக்கரைப் பற்றி அப்புறம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

டிரெய்லரின் விளம்பரத் தாளில் காலி எடை 5,450 பவுண்டு என்று இருந்தது. விற்றவர் அந்த எண்ணைக் காட்டி, "உங்க டிரக் ஏழாயிரத்துக்கு மேல இழுக்கும், இது சும்மா பஞ்சு மாதிரி வரும்" என்றார். அவர் சொன்ன இரண்டு எண்களும் உண்மைதான். ஆனால் நாங்கள் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு எங்கேயும் போகப் போவதில்லை. இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார், நாலு சைக்கிள், ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி எல்லாம் டிரக்கில். டிரெய்லரில் துணிமணி, பாத்திரம், அரிசி பருப்பு, பேட்டரி, இரண்டு புரொபேன் சிலிண்டர், தொட்டி நிறையத் தண்ணீர். அந்த 40 கேலன் தண்ணீர் மட்டுமே கிட்டத்தட்ட 330 பவுண்டு.

மலையில் நடந்தது

டென்வரிலிருந்து மேற்கே போகும்போதே ஃபிளாய்ட் ஹில் தாண்டியதும் வண்டி திணற ஆரம்பித்தது. ஜார்ஜ்டவுனுக்கு மேலே மூன்றாவது கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே கியர்பாக்ஸ் மாறி மாறித் தவித்தது. மூன்றில் போட்டால் வேகம் இறங்கும், இரண்டுக்கு வந்தால் இன்ஜின் அலறும், நான் பயந்து ஆக்சிலரேட்டரை விடுவேன், மறுபடி மூன்றுக்குப் போகும். டோ-ஹால் பட்டனை (பாரம் இழுக்கும்போது கியரைக் கீழேயே பிடித்து வைப்பது) நான் அழுத்தவே இல்லை. அது எதற்கு என்றுகூட அப்போது சரியாகத் தெரியாது.

நான்கு நாள் கழித்துத் திரும்பும்போதுதான் அந்த எட்டு மைல். இந்தத் தடவை டோ-ஹால் போட்டேன், வண்டி இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆர்பிஎம் 3,000-த்தைத் தாண்டினாலே இன்ஜின் கெட்டுவிடும் என்ற ஒரு பயம் எனக்குள் இருந்தது (பல வருடம் சின்னக் கார் ஓட்டி வந்த பழக்கம்). அதனால் முள் 3,000-த்தை ஒட்டி நிற்கும்படி காலை வைத்துக்கொண்டேன். 38 மைல் வேகம் அப்படி வந்ததுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கணக்கில் இது அப்படியே வந்து நிற்கும்.

முதலில் எடை

ஆக்சில் மாற்றும் கடையில் இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து 2,600 டாலர் என்றார்கள். நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால், அங்கே வேலை செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எடை போட்டுப் பார்த்தீங்களா?" இல்லை என்றேன். "போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். கைக்கு வந்த வேலையைத் தள்ளி வைத்து அனுப்பிய அந்த மனிதருக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். மூன்று தனித்தனிப் பலகைகள், டிரக்கின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடை போட்டால் கட்டணம் குறைவு. பயணத்துக்கு ஏற்றிய அதே சாமான், அதே ஆட்கள், மாமியார் உட்பட எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மூன்று முறை எடை போட்டேன்.

டிரக் மட்டும்: முன்னால் 3,400, பின்னால் 3,060, மொத்தம் 6,460 பவுண்டு.

டிரெய்லரை மாட்டி, எடை பகிரும் ஹிட்ச்சின் (டிரெய்லரின் பாரத்தை மற்ற ஆக்சில்களுக்கும் பரப்பும் இணைப்பு) கம்பிகளை மாட்டாமல்: முன்னால் 3,030, பின்னால் 4,340, டிரெய்லர் ஆக்சில் 5,910.

கம்பிகளையும் மாட்டி: முன்னால் 3,250, பின்னால் 4,010, டிரெய்லர் ஆக்சில் 6,020.

கூட்டிப் பாருங்கள், இரண்டு தடவையும் மொத்தம் 13,280. அதில் டிரக்கின் 6,460-ஐக் கழித்தால் டிரெய்லரின் உண்மையான எடை 6,820 பவுண்டு. விளம்பரத் தாளை விட 1,370 பவுண்டு அதிகம். கம்பி இல்லாமல் டிரக்கின் இரண்டு ஆக்சிலிலும் 7,370 இருந்தது, அதில் 6,460 போக 910 பவுண்டு டங் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் மேல் அழுத்தும் எடை. டிரெய்லர் எடையில் இது 13 சதவீதம் சொச்சம். 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி, அதனால் சாமான் அடுக்கியதில் தப்பு இல்லை. முன் ஆக்சிலில் இழந்த 370 பவுண்டில் 220-ஐ ஹிட்ச் கம்பிகள் திரும்பக் கொண்டு வந்தன, அதுவும் சரிதான்.

தப்பு எங்கே என்றால், கம்பி மாட்டிய பிறகும் டிரக்கின் மேல் 7,260 பவுண்டு நிற்கிறது. வரம்பு 7,000.

கதவு ஸ்டிக்கரில் இருந்த 1,640 பவுண்டு பேலோடில் ஆட்களும் சாமானும் சேர்ந்து ஏற்கெனவே 1,100 சாப்பிட்டுவிட்டார்கள். மீதி 540. அதன் மேல் 910 பவுண்டு மூக்கை வைத்தோம். இழுக்கும் திறன் 7,000-த்துக்கு மேல் என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் திறனுக்கு வெகு முன்னாலேயே பேலோடு தீர்ந்துபோகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அரை டன் வண்டியில் குடும்பத்தோடு கேம்பர் இழுக்கும் பலருக்கும் இதே நிலைமைதான் இருக்கும், எடை போடாததால் தெரியாமல் போகிறது. 4.10 கியர் போட்டாலும், 5.13 போட்டாலும் இந்த 260 பவுண்டு ஒரு அவுன்ஸ்கூடக் குறையாது. பின் ஸ்பிரிங்குக்குக் காற்றுப் பை வைத்தால் வண்டியின் பின்புறம் நிமிரும், ஸ்டிக்கரில் உள்ள வரம்பு நிமிராது.

அப்புறம் கணக்கு

ஆனாலும் 38 மைல் வேகம் ஏன் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த டிரக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்டேன். பள்ளிக்கூட இயற்பியலுக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

மலையில் வண்டியைப் பின்னுக்கு இழுப்பவை மூன்று. ஒன்று சரிவு: 13,280 பவுண்டில் 7 சதவீதம், 930 பவுண்டு. இரண்டு டயர் உருளும் தடை, சுமார் 160. மூன்று காற்று. கேம்பரின் முகம் ஒரு சின்னச் சுவர், என் டிரெய்லருக்கு 75 சதுர அடி வரும். 50 மைல் வேகத்தில், 10,000 அடி உயரத்து மெல்லிய காற்றில், இது ஏறக்குறைய 245 பவுண்டு என்று வந்தது. மூன்றும் சேர்த்து 1,335 பவுண்டு. இதை வேகத்தால் பெருக்கி 375-ஆல் வகுத்தால் சக்கரத்தில் தேவைப்படும் குதிரைத்திறன்: 178. கியர்பாக்ஸ், ஆக்சில், டயரில் தொலைவது, ஏசி, விசிறி எல்லாம் கூட்டினால் இன்ஜினிலிருந்து 220 குதிரைத்திறன் வர வேண்டும்.

360 இருக்கிற இன்ஜினுக்கு 220 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இங்கேதான் உயரம் வருகிறது. 10,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்றே குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் உறிஞ்சும் காற்றும் அவ்வளவுதான், எரிக்க முடிந்த பெட்ரோலும் அவ்வளவுதான். ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் போகும் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். ஆக, அங்கே 220 வேண்டுமென்றால், கடல்மட்டத்தில் 300 தரக்கூடிய ஆர்பிஎம்மில் இன்ஜின் சுற்ற வேண்டும். என் வி8 அந்த 300-ஐத் தருவது 4,200 ஆர்பிஎம்மை ஒட்டி. 3,000-த்தில் அது தராது, எந்த ஆக்சில் போட்டாலும் தராது.

நான் முள்ளை 3,000 சொச்சத்தில் பிடித்து வைத்தேன் அல்லவா, அந்த ஆர்பிஎம்மில் அந்த உயரத்தில் அந்த இன்ஜின் தரக்கூடியது சுமார் 156 குதிரைத்திறன். 156 குதிரைத்திறனுக்கு 13,280 பவுண்டு அந்தச் சரிவில் எந்த வேகத்தில் ஏறும் என்று போட்டால் 38 மைல். இரண்டாவது கியர், 3.31 ஆக்சில், 32.1 அங்குல டயர், 38 மைல் வேகத்துக்கு ஆர்பிஎம் 3,080. இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்துவிட்டது. வண்டி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. என் காலும் 3,000-த்தைத் தாண்டக்கூடாது என்ற என் பயமும்தான் 38-ஐத் தீர்மானித்தன. தயங்காமல் மிதித்திருந்தால் அதே வண்டி, அதே ஆக்சில், 4,000 ஆர்பிஎம்மில் 48 மைல் வரை போயிருக்கும். இந்த இன்ஜின்கள் 4,000-த்தில் மணிக்கணக்கில் ஓடத்தான் கட்டப்பட்டவை. வெப்பநிலை முள் சரியாக இருக்கும்வரை சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

சரி, 4.10 போட்டிருந்தால்? ஆர்பிஎம் கணக்கு எளிது: மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, டயர் விட்டத்தின் அங்குலத்தால் வகுக்க வேண்டும். என் கியர்பாக்ஸில் இரண்டாவது 2.34, மூன்றாவது 1.52. 50 மைல் வேகத்தில் 3.31 ஆக்சிலோடு மூன்றாவது கியரில் 2,630, இரண்டாவதில் 4,050. 4.10 ஆக்சிலோடு மூன்றாவதில் 3,260, இரண்டாவதில் 5,020. தேவையோ 4,200. மூன்றாவது கியர் இரண்டு ஆக்சிலிலும் பற்றாது, இரண்டாவதற்குத்தான் வர வேண்டும். 2,600 டாலர் செலவு செய்து 5,000 ஆர்பிஎம்மில் அலறிக்கொண்டு இரண்டு மூன்று மைல் கூடுதல் வேகம். கிடைத்திருக்கக்கூடியது அவ்வளவுதான்.

ஆக்சில் விகிதம் குதிரைத்திறனை உண்டாக்குவதில்லை. இன்ஜின் எந்த வேகத்தில் எந்த ஆர்பிஎம்மில் நிற்கும் என்பதை மட்டும் அது நகர்த்துகிறது, கியர்பாக்ஸ் செய்யும் அதே வேலையைத்தான் பின்னால் இன்னொரு இடத்தில் செய்கிறது.

அப்படியானால் "4.10 போடு" என்று எல்லோரும் ஏன் சொல்கிறார்கள்? அவர்கள் சொல்வது ஒரு காலத்துக்கு முழுக்க உண்மை. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் பரவலாக இருந்த ஒரு கியர்பாக்ஸின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பள்ளத்தாக்கு மாதிரி இடைவெளி. முதல் கியரே 3.06 என்பதால் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதும் கஷ்டம். அந்த வண்டிக்கு ஆக்சிலை மாற்றினால் வண்டியே மாறின மாதிரி இருக்கும். பத்து கியர் வந்த பிறகு அந்த இடைவெளிகள் நிரம்பிவிட்டன, அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது.

என்னென்ன பார்த்தேன்

எடை போட்ட பிறகு கேள்வியே மாறிவிட்டது. குடும்பமும் மூக்கு எடையும் சேர்த்து 2,010 பவுண்டு தாங்க வேண்டும், கொஞ்சம் தாராளமாக 2,300 என்று வைத்துக்கொண்டேன். 10,000 அடியில் 220 முதல் 240 குதிரைத்திறன், அலறாமல். இந்த இரண்டு நிபந்தனையும் நிறைவேறிய பிறகுதான் ஆக்சில்.

எனக்கு மிகவும் பிடித்திருந்தது ஃபோர்டின் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6. 2021 முதல் 400 குதிரைத்திறன், 500 பவுண்டு-அடி, அதுவும் 3,100 ஆர்பிஎம்மிலேயே. காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும் என்பதால் மலையில் பெரும்பாலான சக்தி அப்படியே இருக்கும். பத்து கியரும் 3.55 ஆக்சிலும் சேர்ந்தால் அதே 50 மைல் வேகத்தை நான்காவது கியரில் 3,300 ஆர்பிஎம்மில் அமைதியாகப் பிடித்துவிடும். மலைக்கு மட்டும் என்றால் இதை விட நல்லது அரை டன்னில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் நான் நேரில் கதவைத் திறந்து பார்த்த மூன்று வண்டிகளின் ஸ்டிக்கர் 1,480, 1,690, 1,820. சூரியக் கூரை, தோல் இருக்கை, மின்சாரப் படி என்று ஒவ்வொன்றும் பேலோடைத் தின்றிருந்தது. இன்ஜினில் பாஸ், எடையில் ஃபெயில். மனசே இல்லாமல் விட்டேன்.

அரை டன்னுக்கு அடுத்த கனமான வகையான முக்கால் டன்னில் டீசலையும் பார்த்தேன். மலைக்கு ராஜா அதுதான், இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) தரும் நிம்மதி வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் முக்கால் டன் வண்டிகள் பலவற்றுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கிறது, டீசல் இன்ஜின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம், அந்தக் கனம் நேராகப் பேலோடிலிருந்து கழியும். விலையும் பல ஆயிரம் டாலர் கூட. வருடத்துக்கு ஆறு ஏழு பயணம் போகும் எங்களுக்கு அது அதிகம். 12,000 பவுண்டு இழுப்பவராக இருந்தால் நான் யோசிக்காமல் டீசல் என்பேன்.

மிச்சம் இருந்தது பெட்ரோல் முக்கால் டன். ஜிஎம்மின் 6.6 லிட்டர், 401 குதிரைத்திறன். ராமின் 6.4, 410. ஃபோர்டின் 7.3, 430 குதிரைத்திறன், 4,000 ஆர்பிஎம்மில் 475 பவுண்டு-அடி. மூன்றுமே என் வேலையைச் செய்திருக்கும். எனக்கு நல்ல விலையில் கிடைத்தது ஃபோர்டின் 7.3, ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது, பத்து கியர், கதவு ஸ்டிக்கரில் 3,140 பவுண்டு பேலோடு.

இழுக்கும் திறன் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஸ்ஏஇ ஜே2807 என்ற தரப்படிதான் இப்போது நிறுவனங்கள் அந்த எண்ணைக் கணக்கிடுகின்றன. அதில் ஒரு சோதனை அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது: 11.4 மைல், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழுசாக ஓடணும், ஒற்றைப் பின் சக்கர வண்டி 40 மைல் வேகத்துக்குக் கீழே போகக்கூடாது. கடுமையான, நேர்மையான சோதனை. ஆனால் அந்த ஏற்றம் முடியும் இடம் 4,000 அடியைக்கூட எட்டாது, வண்டியில் இருப்பதாகக் கொள்வது தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர். ஐந்து பேரோடு 11,000 அடிக்கு ஏறும் நம் குடும்பத்தை அந்த எண்ணுக்குத் தெரியாது. தவிர, பல அரை டன் வண்டிகளின் கையேட்டில் டிரெய்லரின் முகப்பரப்பு 60 சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்றும் போட்டிருக்கும், உயரமான கேம்பர் பலதும் அதைத் தாண்டும். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை.

3.55-ஆ, 4.30-ஆ

அதே இன்ஜினில் இரண்டு வண்டிகள் கிடைத்தன, ஒன்று 3.55, இன்னொன்று 4.30. பழைய நான் கண்ணை மூடிக்கொண்டு 4.30 எடுத்திருப்பேன். இந்தத் தடவை பென்சிலை எடுத்தேன். டயர் 33.2 அங்குலம், மூன்றாவது கியர் 2.13, நான்காவது 1.77.

50 மைல் வேகத்தில் 3.55 வண்டி மூன்றாவது கியரில் 3,830 ஆர்பிஎம். 4.30 வண்டி நான்காவது கியரில் 3,850 ஆர்பிஎம்.

20 ஆர்பிஎம் வித்தியாசம். அதே சக்தி, அதே சத்தம், அதே வேகம், டாஷ்போர்டில் தெரியும் கியர் எண் மட்டும் வேறு. மலையைப் பொறுத்தவரை ஆக்சில் விவாதம் எனக்கு இந்த இரண்டு வரியோடு தீர்ந்துவிட்டது.

கிளம்புவதில் வித்தியாசம் உண்டு. முதல் கியர் 4.62-ஐ ஆக்சிலால் பெருக்கினால் 3.55-க்கு 16.4, 4.30-க்கு 19.9. பழைய வண்டியில் இது 13.8 தான் (4.17 பெருக்கல் 3.31), அந்த 13.8-லேயே முகாம் இடத்துச் சரளைக்கல் மேட்டில் கிளம்ப முடிந்தது. அதனால் 16.4 தாராளம், ரொம்பச் செங்குத்தாக இருந்தால் லோ ரேஞ்ச் (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான, பலமான கியர்) இருக்கவே இருக்கிறது. மறுபக்கம், டிரெய்லர் இல்லாமல் 65 மைலில் போகும்போது கடைசி கியரில் 3.55-க்கு 1,470 ஆர்பிஎம், 4.30-க்கு 1,780. வருடத்தில் பத்து மாதம் இந்த வண்டி அலுவலகத்துக்கும் மளிகைக்கும்தான் போகிறது. 3.55 எடுத்தேன். 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் (டிரக்கின் பின் தொட்டிக்குள் மாட்டும் பெரிய டிரெய்லர்) இழுப்பவருக்கு 4.30 சரி, அங்கே டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பே ஆக்சிலைப் பொறுத்து உயரும். ஆறு கியர் பெட்டியோடு 3.31 வைத்திருப்பவருக்கும், பேலோடு இடம் கொடுத்தால், 3.73 நல்ல பலன் தரும்.

இந்த வருடம், அதே எட்டு மைல்

ஜூன் கடைசியில் அதே வழியில் திரும்பினோம். தண்ணீர்த் தொட்டியில் 10 கேலன் மட்டும், முகாம் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று. அதிலேயே 250 பவுண்டு மிச்சம். டிரக் கனம் என்பதால் மொத்தம் 14,530 பவுண்டு, போன வருடத்தை விட 1,250 அதிகம்.

போகும்போது சுரங்கத்திலிருந்து சில்வர்த்தார்னுக்கு இறங்கும் பக்கத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கான அவசர மேடைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே போன வருடம் வயிறு கலங்கியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, கீழே வந்தபோது கருகிய வாசனை. இந்தத் தடவை உச்சியிலேயே டோ-ஹால் போட்டு 45 மைலுக்கு இறக்கிவிட்டு, கியர்பாக்ஸ் கீழே பிடித்துக்கொள்ள விட்டேன். ஆக்சிலரேட்டரை விட்டாலே 7.3 லிட்டர் இன்ஜின் தானே வண்டியைப் பிடித்து இழுக்கிறது. வேகம் 50-ஐத் தொடும்போது மட்டும் மூன்று விநாடி அழுத்தமாகப் பிரேக், அப்புறம் முழுசாக விட்டுவிடுவது. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை வீட்டுத் தெருவிலேயே சரி செய்து வைத்திருந்தேன். ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது.

திரும்பும்போது ஏற்றம். மூன்றாவது கியர், 3,800 ஆர்பிஎம், 50 மைல் வேகம், ஆக்சிலரேட்டரில் மிதிக்க இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம். கணக்கில் வந்த அதே எண்கள், காற்று கொஞ்சம் எதிரே அடித்த ஒரு வளைவில் 47-க்கு இறங்கி மறுபடி ஏறியது. கியர் தவிப்பு இல்லை, வெப்பநிலை முள் நகரவே இல்லை. பெட்ரோல் பயணம் முழுக்க கேலனுக்கு 9 மைல், பழையதில் எட்டரை.

சத்தம் இருந்தது. 3,800 ஆர்பிஎம்மில் வி8 சும்மா இருக்காது. என் மனைவி முள்ளை எட்டிப் பார்த்தாள், "நாலாயிரம் வரைக்கும் போகலாம்னீங்களே" என்றாள், மடியில் இருந்த ஆரஞ்சைத் தொடர்ந்து உரித்தாள்.